வரததாசனின் விளம்ப காலம்



நான் லயத்தில் பிறந்தவன். தேவிகுளம், மூணாறு, பீருமேடு பக்கத்திலிருந்து வந்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளை அங்கே லயம் என்போம். பாலக்காட்டின் கல்பாத்தியிலும் நூரணியிலும் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல் தாளத்தைச் சேர்ந்தது. நடுவில் ஆனைமலை நிற்கிறது. அந்த லயத்திலிருந்து இந்த லயத்துக்கு நான் எப்படி வந்தேன் என்று சொன்னால்தான் இன்றைய பொருளுக்குள் நுழைய முடியும்.

என் அம்மா கொழுந்து எடுத்தவர். சங்கு ஊதுவதற்குள் சோறு பொங்கி, பிள்ளைகளை எழுப்பி, மலையேறிவிட வேண்டும். நிறுவைக்கு நேரத்தில் வந்து சேர வேண்டும். கூடையின் எடை குறைந்தால் கூலி குறையும். அவர் நிதானமாக நடந்து நான் பார்த்ததில்லை. ஒரு சனிக்கிழமை இரவு, 1970-களின் கடைசி என்று நினைவு, அப்பாவின் டிரான்சிஸ்டரில் அகில பாரத சங்கீத நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. கேட்பதற்காக யாரும் வைக்கவில்லை. செய்தி முடிந்தபின் அணைக்க மறந்திருந்தார்கள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்திவிட்டு, "ஆரு இது? அவசரமே இல்லாம பாடுதாரு" என்றார். சங்கரன்கோவில் சீமைத் தமிழ் அது. முடிவில் அறிவிப்பாளர் பெயர் சொன்னார்: எம்.டி. ராமநாதன்.

பிறகு உடுமலை வழியாக மலையிறங்கி, சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ் படிக்க வந்தபோதுதான் அந்தக் குரலுக்கு உடையவர் இதே பாலக்காட்டு மாவட்டத்தில், வடக்கஞ்சேரிக்கு அருகே மஞ்ஞப்ராவில் பிறந்தவர் என்று தெரிந்தது. எம் என்றால் மஞ்ஞப்ரா, டி என்றால் அவர் தந்தை தேவேச பாகவதர். ஊரும் தந்தையும் பெயரில் நிற்க, மூன்றாவதாக ஒருவர் அவருடைய பாட்டில் நின்றார். அந்த மூன்றாமவரைப் பற்றியதே இந்தச் சொற்பொழிவு.

ராமநாதன் 1923-ஆம் ஆண்டு மே 20-ஆம் தேதி பிறந்தார். தேவேச பாகவதர் இசையாசிரியர். முதல் பாடம் வீட்டிலேயே. பாலக்காட்டில் அது ஒரு விளைச்சல் ஆண்டு. அதே 1923-இல், நவம்பரில், பாடகர் கே.வி. நாராயணசாமியும் பிறந்தார். அதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு முன்பே நூரணியில் பிறந்த பரமேசுவர பாகவதர் சுவாதித் திருநாளின் அரசவைக்குப் போய்விட்டார். கோட்டாயிக்காரரான செம்பை வைத்தியநாத பாகவதர், ராமநாதன் பிறந்தபோது இருபதுகளின் பின்பாதியில் கச்சேரி மேடைகளை அதிர வைத்துக்கொண்டிருந்தார். ஆகவே மஞ்ஞப்ராச் சிறுவனுக்குப் பாட்டு ஒரு அதிசயம் இல்லை. அதிசயம் அவனுடைய குரல். அது அடித்தளத்தில் உருண்டது. ஆண் பாடகர்கள் வழக்கமாக வைத்துக்கொள்ளும் ஒரு கட்டைக்கும் கீழே இறங்கித்தான் அது இளைப்பாறியது.

பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் இயற்பியலில் பட்டம் வாங்கினார். ஒலி அலைகளைக் கற்றவர், ஒலிக்கே போய்ச் சேர்ந்தார். 1944-இல் சென்னை அடையாறு கலாக்ஷேத்திரத்தில் சங்கீத சிரோமணிப் படிப்பின் முதல் அணியில் சேர்ந்தார். அப்போது கேரளம் என்ற மாநிலம் இல்லை என்பதை இங்கே நினைவூட்ட வேண்டும். பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் கோடு மாறியது. இளைஞர் ராமநாதன் ரயிலேறிய நாளில், பட்டணம் போவது தன் மாகாணத்தின் தலைநகருக்குப் போவதுதான். எல்லையோரத்துத் தமிழர்களாகிய நமக்கு இது சின்னச் செய்தி இல்லை. நம்மை இந்தப் பக்கத்துக்காரர், அந்தப் பக்கத்துக்காரர் என்று பிரிக்கும் கோடு, நம் பாட்டுக்குப் பின்னால் வந்தது.

கலாக்ஷேத்திரத்தை 1936-இல் ருக்மிணி தேவி அருண்டேல் தொடங்கினார். அங்கே ராமநாதனுக்கு ஆசிரியராகக் கிடைத்தவர் டைகர் வரதாச்சாரியார். திருவொற்றியூர்ப் பக்கத்துக் காலடிப்பேட்டையில் 1876-இல் பிறந்தவர். 1932-இல் மியூசிக் அகாடமி மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர். பட்டணம் சுப்பிரமணிய ஐயரிடம் கற்றவர். சுப்பிரமணிய ஐயரின் குரு மானம்புச்சாவடி வேங்கடசுப்பையர்; அவர் தியாகராஜரின் சீடர். எண்ணிப் பாருங்கள், தியாகராஜரிலிருந்து ஐந்தாவது கை ராமநாதன். டைகருக்கு வழவழப்பான குரல் வாய்க்கவில்லை. கேட்டவர்கள் வியந்தது அவருடைய ராகக் கற்பனையை. இருபத்தொரு வயது இளைஞர் ஒருவர், தன் குரல் கச்சேரிக்கு ஆகுமா என்ற கவலையோடு போயிருந்தால், அவருக்கு இதைவிடப் பொருத்தமான ஆசிரியர் அமைந்திருக்க முடியாது. குரலின் குறையையும் நிறையையும் தாண்டி ராகம் எங்கே குடியிருக்கிறது என்று காட்டித்தரக்கூடியவர் அவர்.

1950 ஜனவரியில் டைகர் மறைந்தார். ராமநாதன் சேர்ந்து ஆறு ஆண்டுகூட முழுதாக ஆகவில்லை. அதன்பின் 1984 ஏப்ரல் 27-இல் தாம் கண்மூடும்வரை முப்பத்துநான்கு ஆண்டுகள் ராமநாதன் அந்த ஆசிரியரைச் சுமந்தார். கலாக்ஷேத்திரத்தில் அவர் இடத்திலிருந்து கற்பித்தார், பின்னாளில் அங்கே முதல்வராகவும் இருந்தார். இவையெல்லாம் வெளியிலிருந்து பார்த்தால் தெரிபவை. உள்ளே சுமந்ததைக் காண அவர் இயற்றிய பாடல்களுக்குள் போக வேண்டும்.

பாடகராக அவரை அறிந்த பலருக்கு அவர் சமஸ்கிருதத்திலும் தெலுங்கிலும் தமிழிலும் முந்நூறு அளவில் பாடல் இயற்றியவர் என்பது தெரியாது. வர்ணம், கிருதி, தில்லானா என்று வகைகளும் பல. பாடலின் கடைசி அடிகளில் இயற்றியவர் தன் முத்திரையை வைப்பது மரபு. தியாகராஜர் தன் பெயரையே வைத்தார். சியாமா சாஸ்திரி சியாமகிருஷ்ண என்றார். சுவாதித் திருநாள் பத்மநாபனின் பெயர்களை வைத்தார். பாபநாசம் சிவன் ராமதாசன் ஆனார். முதுமையில் கலாக்ஷேத்திரம் வந்து சேர்ந்த மைசூர் வாசுதேவாச்சாரியார் வாசுதேவனை வைத்தார். ராமநாதன் வைத்த முத்திரை வரததாச. வரதனின் தாசன்.

வரதன் யார்? காஞ்சிப் பெருமாளும் வரதன், வரம் தருகிற எந்தத் தெய்வமும் வரதன். ஆனால் வரதாச்சாரியாரின் மாணவர் அந்தச் சொல்லைப் போடும்போது கேட்பவர் காதில் முதலில் விழுவது ஆசிரியரின் பெயர்தான். முத்துசுவாமி தீட்சிதரின் குருகுஹ முத்திரை மட்டுமே இதற்கு நெருங்கிய உறவு. அங்கேயும் குருவும் முருகனும் ஒரு சொல்லில் குடியிருக்கிறார்கள். எனினும் ஒரு வித்தியாசம். தீட்சிதர் தெய்வத்தைக் குருவாகக் கண்டார். ராமநாதன் கண்முன் இருந்த ஒரு மனிதரை, பாடம் சொல்லிக் கொடுத்த வாத்தியாரை, ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் வணங்கினார். நாற்பது ஆண்டுகளாக வகுப்பறையில் நிற்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஆசிரியத் தொழிலுக்குத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் கொடுத்திருக்கிற விருதுகள் எல்லாவற்றையும்விட அந்த ஐந்தெழுத்து எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இனி அம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஏன் அவசரமில்லை?

ராமநாதனின் பாட்டு விளம்ப காலத்துப் பாட்டு. இந்தோளத்தில் 'ஸாமஜவரகமனா' என்ற தியாகராஜர் கிருதியை மத்திம காலத்தில் துள்ள வைத்துப் பாடுவதே வழக்கம். அவர் அதையும் நிறுத்தி, யானை நடக்கிற நடையில் பாடினார். பாட்டின் தொடக்கமே யானை நடையைச் சொல்கிறது என்பதை அவர் பாடக் கேட்ட பிறகுதான் நான் கவனித்தேன். சகானா, ரீதிகௌளை, யதுகுலகாம்போஜி, ஆனந்தபைரவி போன்ற ராகங்கள் அவரிடம் போனால் அடைமழைக்கால மாலை மாதிரி நகராமல் நிற்கும். டி.என். கிருஷ்ணனின் வயலினும் உமையாள்புரம் சிவராமனின் மிருதங்கமும் அந்த நிதானத்துக்கு இடம்விட்டு வாசித்திருக்கும் பதிவுகள் இருக்கின்றன. கல்லூரி விடுதியில் அவருடைய கேசட் ஒன்றை முதன்முதலில் போட்டபோது, அறைத்தோழன் எழுந்து வந்து, பேட்டரி இறங்கிவிட்டதா என்று டேப்ரிக்கார்டரைத் தட்டிப் பார்த்தான். பரீட்சை நெருங்கிய இரவுகளில் அந்தக் கேசட்டைப் போடு என்று கேட்டவனும் அவன்தான்.

பாலக்காட்டுக்காரர்களுக்கு இந்த நிதானம் அந்நியமானது இல்லை என்பது என் எண்ணம். கதகளி பார்த்து வளர்ந்த மண் இது. 1930-இல் வள்ளத்தோள் கலாமண்டலம் தொடங்கிய காலத்துக்கு வெகு முன்பே கோயில் முற்றங்களில் இரவு முழுக்கப் பதம் பாடியிருக்கிறார்கள். நடிகர் ஒரு வரியின் பொருளை முகத்தில் கொண்டுவந்து முடிக்கும்வரை பின்னால் நிற்கும் பாகவதர் அதே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவார். வரி முடிவது முக்கியமில்லை, அது கனிய வேண்டும். சேங்கிலையின் ஓசையில் விடிய விடிய உட்கார்ந்த ஊர், மெதுவாகப் போகிற பாட்டைக் கண்டு மிரளாது. செம்பையின் கம்பீர நடைக்கும் ராமநாதனின் நிதானத்துக்கும் ஒரே மாவட்டம் இடம் கொடுத்ததற்கு இதுவும் காரணம் என்று நம்புகிறேன்.

ஆனால் பாடகரின் நிதானம் வேறு, பாடலாசிரியரின் நிதானம் வேறு. பாடகர் பிறர் பாட்டை மெதுவாக்கலாம். பாடலாசிரியர் மெதுவாக நிற்கத்தக்க சொல்லையே தேட வேண்டும். இங்கே என் துறைக்குள் கொஞ்சம் நுழைந்துகொள்ள அனுமதியுங்கள்.

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை. இது பள்ளிப்பிள்ளையும் அறிந்தது. ஆனால் தொல்காப்பியர் எழுத்ததிகார நூன்மரபின் கடைசியில் இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போகிறார். இசைக்குள் போனால் உயிரெழுத்து தன் அளவைக் கடந்து நீளும், ஒற்றும் நீண்டொலிக்கும், அது யாழ் நூலாரின் வழக்கு என்கிறார். இலக்கணம் வகுக்கவந்தவர், தன் கணக்கு செல்லாத ஓர் இடம் உண்டு என்று கதவைத் திறந்து காட்டுகிறார். அந்தக் கதவின் இரு பலகைகளாக ராமநாதனின் இரண்டு பாடல்களை நான் கேட்கிறேன்.

ஒன்று பாகேஸ்ரீயில் அமைந்த 'ஸாகர சயன விபோ'. சமஸ்கிருதப் பாடல். இன்றும் கச்சேரிகளில் விரும்பிப் பாடப்படுவது. பாகேஸ்ரீ வடக்கிலிருந்து வந்த ராகம். கச்சேரியின் பின்பகுதியில் மெல்லிய உருப்படிகளுக்கு எடுத்துக்கொள்வார்கள். அதில் கடலில் பள்ளிகொண்டவனை அழைக்கிறார். அந்த அழைப்பின் எழுத்துகளை விரலில் எண்ணுங்கள். ஸா, க, ர, ச, ய, ன, வி, போ. எட்டு எழுத்து. முதலில் ஒரு நெடில், முடிவில் ஒரு நெடில், நடுவில் ஆறும் குறில். இரண்டு கரைக்கும் நடுவில் சிற்றலைகள் போல. குரல் ஸாவில் நின்று, சிற்றலைகளைக் கடந்து, போவில் போய்ப் படுக்கிறது. உயிர் தன் அளவு கடந்து நீள்வதற்கு இரண்டு முனையிலும் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார். எட்டெழுத்து என்றதும் வைணவர்களுக்குத் திருமந்திரம் நினைவுக்கு வரும். நான் அதை வற்புறுத்தவில்லை. கேட்கும்போது எனக்கு வந்தது, சொன்னேன்.

மற்றது தமிழ்ப்பாடல், அடாணா ராகத்தில், 'ஹரியும் ஹரனும்'. இதை எண்ணிப் பாருங்கள். ஹ, ரி, யு, ம். ஹ, ர, னு, ம். நெடிலே இல்லை! நிற்க இடம் எங்கே? மகர ஒற்றில். உதடு மூடி, குரல் நெஞ்சுக்குள் ரீங்கரிக்கிற அந்த ம்-இல். மேல் ஸ்தாயியில் மின்னும் குரலுக்கு மெல்லொற்று ஒரு தடை. அடிக்குரலில் உருளும் ராமநாதனுக்கு அது வீட்டுத் திண்ணை. ஒற்றிசை நீளும் என்று தொல்காப்பியர் சொன்ன இடம் இதுவே. அடாணாவோ வீரத்துக்குச் சொல்லப்படும் ராகம்; வித்வான்கள் அதில் விறுவிறுப்பைத் தேடுவார்கள். அவர் அதன் பெருமிதத்தை வைத்துக்கொண்டு பரபரப்பை விட்டுவிட்டார்.

இன்னும் ஒன்று பாருங்கள். ஹரிக்கும் ஹரனுக்கும் உள்ள வித்தியாசம் அந்தத் தொடரில் எவ்வளவு? ரி, ர. ஓர் இகரத்துக்கும் அகரத்துக்கும் உள்ள தூரம். சைவ வைணவ வாதங்கள் எத்தனையோ நூற்றாண்டு நடந்திருக்கின்றன. பாட்டில் அது ஒரு வாயசைவு. இதைப் பாலக்காட்டில் பிறந்தவர் எழுதியது எனக்கு வியப்பாக இல்லை. ஐப்பசி முடிவில் கல்பாத்தித் தேர்த்திருவிழாவின் மூன்றாம் நாள் மாலை, விசுவநாதரின் தேரும் லட்சுமி நாராயணப் பெருமாளின் தேரும், பிள்ளையார்களின் தேர்களோடு தேர்முட்டியில் எதிரெதிரே வந்து நிற்கின்றன. அந்த நெரிசலில் நின்றிருக்கிறீர்கள். தேர் எப்படி வருகிறது? அங்குலம் அங்குலமாக. வடம் பிடிப்பவர்களின் மூச்சுக்கு ஏற்ப நின்று நின்று. இந்த ஊர் அக்கிரகாரங்களில் நடக்கிற சாஸ்தா ப்ரீதியில் கொண்டாடப்படுபவரும் ஹரிஹர புத்திரர்தான். சபரிமலை எங்கள் பீருமேட்டுக்குக் கூப்பிடு தூரம். எங்கள் லயத்திலும் கார்த்திகை பிறந்தால் மாலை போடாத வரிசை கிடையாது. அந்த ஒரு பாட்டில் அக்கிரகாரத்தையும் லயத்தையும் நான் சேர்த்தே கேட்கிறேன்.

அவரை ஏற்காதவர்களும் இருந்தார்கள். பாட்டு நகரவில்லை என்றார்கள். 1974-இல் பத்மஸ்ரீ வந்தது. சங்கீத நாடக அகாதெமியின் விருதும் வந்தது. மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதிப் பட்டம் ராமநாதனுக்குக் கடைசிவரை வழங்கப்படவில்லை. அவரோடு ஒரே ஆண்டில் பிறந்த கே.வி. நாராயணசாமிக்கு 1986-இல் வந்தது. ராமநாதன் அதற்கு இரண்டாண்டு முன்பே போய்விட்டார். அறுபத்தொரு வயது நிறைய இருபத்துமூன்று நாள் இருந்தது. இந்த இழப்பு பட்டத்துக்குத்தான் என்று ரசிகர்கள் சொல்வார்கள். எனக்கு அப்படிச் சொல்லிச் சமாதானமாக மனமில்லை. உரியவருக்கு உரியது சேரவில்லை, அது வருத்தம்தான். மலையாளத்தில் கே. சச்சிதானந்தன் அவரைப் பற்றி 'ராமநாதன் பாடும்போள்' என்று கவிதை எழுதினார். தமிழில் புனைபவர்கள் பக்கத்திலிருந்து அதற்கு இணையாக ஒன்று வர வேண்டும் என்பது என் ஆசை.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. அவர் பாடல்கள் எப்படி அடுத்த தலைமுறைக்குப் போகும்? தாளில் எழுதிய சுரக்குறிப்பு இருந்தால் போதும் என்று நினைப்போம். எடுத்துப் பாருங்கள். சுரங்களை ஸ, ரி, க, ம என்று எழுதுவார்கள். ஒரு சுரம் நீள வேண்டிய இடத்தில் ஒரு அட்சரத்துக்குக் காற்புள்ளி, இரண்டுக்கு அரைப்புள்ளி. அவ்வளவுதான். ராமநாதனின் பாட்டில் நடப்பதெல்லாம் அந்தப் புள்ளிகளுக்குள் நடக்கிறது. கமகத்தின் ஆட்டம், மூச்சின் இறக்கம், மெல்லொற்றின் ரீங்காரம் எல்லாம் அங்கே. தாளைப் பார்த்துப் பாடும் பிள்ளை, காற்புள்ளியைக் காலியிடம் என்று எண்ணித் தாண்டினால் அதே சுரம், அதே சாகித்தியம், அதே தாளம் இருக்கும், வரததாசன் இருக்க மாட்டார். விறுவிறுப்பாகப் பாடினால் சபையில் கைதட்டலும் கிடைக்கும். ஆகவே அவர் பாடல்களை ஆசிரியரின் முன்னால் உட்கார்ந்துதான் கற்க வேண்டும். தன் ஆசிரியரின் பெயரைப் பாட்டுக்குள் வைத்தவர், அந்தப் பாட்டை ஆசிரியர் இல்லாமல் கற்க முடியாதபடியும் வைத்துவிட்டார்.

பாலக்காட்டில் செம்பை பெயரில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. சித்தூர்க் கல்லூரியில் இசைத் துறையும் தமிழ்த் துறையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. அந்த இரண்டு துறையின் பிள்ளைகளும் ஒரு பருவத்துக்காவது சேர்ந்து உட்கார்ந்து, ராமநாதனின் தமிழ்ப்பாடல்களை மட்டும் எடுத்து, எந்த எழுத்தில் குரல் நிற்கிறது, எத்தனை அட்சரம் நிற்கிறது என்று ஒலிப்பதிவோடு ஒப்பிட்டுக் குறித்து வைக்க வேண்டும். தமிழ்ப் பிள்ளைக்கு மாத்திரை தெரியும், இசைப் பிள்ளைக்குக் கார்வை தெரியும். இந்தச் சொற்பொழிவை ஏற்பாடு செய்த அறக்கட்டளை அதற்கு ஒரு தொடக்கம் செய்து கொடுத்தால், எனக்கு இன்று தரவிருக்கும் சன்மானத்தை அதன் முதல் தொகையாக வைத்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன்.

அம்மா இப்போது இல்லை. ஓய்வு பெற்றபின் என்னோடு சித்தூரில்தான் இருந்தார். சங்கு இல்லாத ஊரில் அவருக்கு முதலில் தூக்கம் பிடிக்கவில்லை. விடியுமுன் எழுந்து உட்கார்ந்திருப்பார். அப்போது அவருக்காகச் சகானாவைப் போட்டுவைப்பேன். ராகத்தின் பெயர் அவருக்குக் கடைசிவரை தெரியாது. "அந்த அவசரமில்லாதவரப் போடு" என்பார்.

என் பேச்சு முடிந்தது. இசைத்துறை மாணவி ஒருவர் இப்போது 'ஹரியும் ஹரனும்' பாட இருக்கிறார். அவையில் தாளம் போடுபவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். கையை உடனே தொடையில் தட்டிவிடாதீர்கள். அவர் முதல் மகரத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று கேட்டுவிட்டு, பிறகு சேர்ந்துகொள்ளுங்கள்.